கவலைக்கும் மார்க் உண்டு!

காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. கவலையை எதனால் அளப்பது?

கேள்வியால் அளக்கிறார்கள்!

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி கொரோனா ஊரடங்கு தொடங்கியது. திருச்சியில் மைதானங்கள் வெறிச்சோடின. ஸ்ரீரங்கம் கோவிலில் ஆகஸ்டு கடைசி வரை பக்தர்களுக்கு அனுமதி இல்லை.

டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அதை நம்பியிருந்த ஓட்டக்காரர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவும் சுபா வெங்கடேசனும் அங்கே ஓடியது 2021 ஜூலை 30-ல்தான்.

ஓடினால் மனம் தெளியும். உண்மைதான். ஆனால் ஓட்டமே வாழ்க்கை என்று இருப்பவருக்கு மைதானத்தை மூடிவிட்டால்? "இரும்பு போல் உடம்பு. உனக்கு என்ன கவலை?" என்று கேட்பது எளிது!

அதனால்தான் விளையாட்டு வீரர்களையும் மற்றவர்களையும் ஒரே கேள்விகள் கேட்டு, பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு தாளில் 9 கேள்விகள். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் கெட்டது? எத்தனை நாள் எதிலும் நாட்டம் இல்லை? இப்படிக் கேட்பார்கள். ஒரு நாளும் இல்லை என்றால் 0. அநேகமாகத் தினமும் என்றால் 3. மொத்தம் 27 மார்க்.

இந்தப் பரீட்சையில் நிறைய மார்க் வாங்கக் கூடாது! 10 வந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். வீரரானாலும் சரி, வீட்டில் இருக்கும் பாட்டியானாலும் சரி.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் பற்றியது. அதில் 1 விழுந்தால்கூட, மொத்தத்தைக் கூட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே 14416-க்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை.