ஒரு டிஸ்க் போனாலும் பைல் போகாது: வீட்டுக் கம்ப்யூட்டரில் சாப்ட்வேர் ரெய்டு

ரெய்டு என்றதும் வருமான வரித்துறை ஞாபகம் வருகிறதா? கம்ப்யூட்டரிலும் ஒரு ரெய்டு உண்டு. அது எதையும் அள்ளிக்கொண்டு போகாது. உங்கள் பைல்கள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது ஏதோ பெரிய கம்பெனிகளின் சமாசாரம் போலத் தோன்றலாம். உண்மையில் உங்கள் விண்டோஸிலேயே இந்த வசதி இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. சுழலும் எந்த இயந்திரமும் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். தட்டே இல்லாத எஸ்எஸ்டியும் சொல்லாமல் கொள்ளாமல் செயலிழப்பதுண்டு. ஆகவே "டிஸ்க் கெட்டுப்போகுமா?" என்று கேட்பதைவிட, "கெட்டுப்போகும் அன்று என்ன ஆகும்?" என்று கேட்பதுதான் சரி.

ரெய்டு பிறந்த கதை

1988ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அன்று பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்த ஐபிஎம் டிஸ்க்கின் கொள்ளளவு 7500 எம்பி. விலையும் மிக அதிகம். அதற்குப் பதிலாக 100 எம்பி கொண்ட மலிவான பிசி டிஸ்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன என்று அவர்கள் யோசித்தனர்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 டிஸ்க் உள்ள கூட்டத்தில் சராசரியாக 300 மணிக்கு ஒரு டிஸ்க் கெடும். அதாவது இரண்டு வாரம்கூட ஆகாது! எனவே ஒன்று கெட்டாலும் தகவல் பிழைக்கும்படி எழுதும் முறைகளை வகுத்து, 1 முதல் 5 வரை எண் கொடுத்தனர். அவற்றில் 1, 5 இரண்டையும் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

ரெய்டு 1: கடையில் பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதுவார்கள் அல்லவா? மேல் தாளில் எழுதுவது அப்படியே கீழ்த் தாளிலும் விழும். அதே போல ஒவ்வொரு பைலும் இரண்டு டிஸ்குகளிலும் எழுதப்படும். இதற்கு மிரர் என்று பெயர். 2 டிபி டிஸ்க் இரண்டு போட்டால் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 2 டிபி மட்டுமே.

ரெய்டு 5: இதற்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். முதல் டிஸ்க்கில் 5, இரண்டாவதில் 3 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் கூட்டுத்தொகை 8 எழுதப்படுகிறது. முதல் டிஸ்க் போய்விட்டால் 8ல் 3ஐக் கழித்து 5ஐத் திரும்பப் பெறலாம். கம்ப்யூட்டர் செய்யும் கணக்கு வேறு என்றாலும் தத்துவம் இதுதான். இதற்குப் பாரிட்டி என்று பெயர். மூன்று 2 டிபி டிஸ்க் போட்டால் 4 டிபி கிடைக்கும்.

ரெய்டு 0 என்ற ஒன்றும் பின்னால் வந்து சேர்ந்தது. இதில் பைல்கள் துண்டு துண்டாகப் பிரிந்து இரண்டு டிஸ்கிலும் போகும். வேகம் கூடும். ஆனால் எந்த ஒரு டிஸ்க் கெட்டாலும் எல்லாம் போச்சு. பெயரில் உள்ள பூஜ்யம்தான் அது தரும் பாதுகாப்பு.

முன்பு இந்த வேலைகளுக்குத் தனி கார்டு வாங்க வேண்டியிருந்தது. அதையே ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்தால் அது சாப்ட்வேர் ரெய்டு. லினக்ஸில் நீல் பிரவுன் 2001ல் எழுதிய எம்டிஆடம் என்ற புரோகிராம் இதற்கென்றே உள்ளது. விண்டோஸில் 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதி இருக்கிறது.

செய்வது எப்படி?

விண்டோஸ் இருக்கும் சி டிரைவை இதில் சேர்க்க முடியாது. தனியாக ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்குகளை இணையுங்கள். அவற்றில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் புதிய டிஸ்குகளே நல்லது.

1. ஸ்டார்ட் மெனுவில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்று டைப் செய்து, கண்ட்ரோல் பேனலில் உள்ள மேனேஜ் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பகுதியைத் திறக்கவும்.
2. புதிய பூல் உருவாக்கும் லிங்க்கை கிளிக் செய்து, இரண்டு டிஸ்குகளையும் டிக் செய்து, கிரியேட் பூல் பட்டனை அழுத்தவும்.
3. அடுத்த திரையில் டிரைவுக்குப் பெயரும் எழுத்தும் கொடுக்கவும். ரெசிலியன்ஸி டைப் என்ற இடத்தில் டூ-வே மிரர் தேர்வு செய்யவும். சிம்பிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பே கிடையாது.
4. கிரியேட் ஸ்டோரேஜ் ஸ்பேஸ் கிளிக் செய்தால் முடிந்தது. திஸ் பிசி பகுதியில் இரண்டு டிஸ்கும் சேர்ந்து ஒரே டிரைவாகத் தெரியும்.

கார்பன் தாள் தப்பையும் காப்பி எடுக்கும்

திருக்காட்டுப்பள்ளியில் என் மாமா போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவருடைய வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு மிரர் அமைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடமே ஒரு டிஸ்க் செத்துப்போனது. மாமா ஒரு மணி நேரம்கூட வேலையை நிறுத்தவில்லை. புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டினோம். பூலில் சேர்த்ததும் விண்டோஸ் இரவெல்லாம் காப்பி செய்து பழைய நிலைக்கு வந்துவிட்டது. பிறகு கெட்ட டிஸ்க்கைப் பூலிலிருந்து நீக்கினோம்.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு போன். "மாப்ளே, ரெண்டு டிஸ்க் இருக்குன்னு சொன்னியே, ரெண்டுலயும் காணோமே!" இடம் காலி செய்கிறேன் என்று உதவிக்கு இருந்த பையன், முதல் நாள் எடுத்த கல்யாண போல்டரை ஷிப்ட் டெலீட் அழுத்தி அழித்திருக்கிறான். கார்பன் தாளுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒன்றில் அழித்தது அந்த நொடியே மற்றதிலும் அழிந்துவிட்டது. தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்லிப் படம் எடுக்க முடியுமா? முதல் நாள் ராத்திரியே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வீட்டுப் பீரோவில் வைத்திருந்ததால் மாமா தப்பித்தார்.

எனவே ரெய்டு வேறு, பேக்கப் வேறு. டிஸ்க் கெடுவதிலிருந்து மட்டுமே ரெய்டு காக்கும். கை தவறுதல், வைரஸ், திருட்டு, இடி மின்னல் ஆகியவற்றிலிருந்து காக்காது. 2017 மே மாதம் உலகையே கலங்க வைத்த வானாகிரை போன்ற ஒன்று உங்கள் பைல்களைப் பூட்டினால், இரண்டு டிஸ்கிலும் பூட்டிய பைல்தான் இருக்கும்.

பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய 3-2-1 விதியை மனதில் வையுங்கள். மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். மாமா இப்போது மாதம் ஒரு டிஸ்க்கைத் தஞ்சாவூரில் உள்ள மகள் வீட்டில் கொடுத்து வைக்கிறார்.

கவனிக்க வேண்டியவை

* ஒரு டிஸ்க் செத்தாலும் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். அதனால் பலருக்கு விஷயமே தெரியாது. இரண்டாவதும் போகும்போதுதான் தெரியவரும். மாதம் ஒரு முறை ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் திரையைத் திறந்து எச்சரிக்கை ஏதும் உள்ளதா என்று பாருங்கள்.
* எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டு டிஸ்குகளிலும் உள்ளது ஒன்றுக்கொன்று மாறிப்போகலாம். யுபிஎஸ் அவசியம்.
* பேக்கப் எடுத்தவுடன் அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அதிலிருந்து ஒரு பைலையாவது திறந்து பார்த்துச் சோதியுங்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு டிஸ்க்தான் கூடுதலாக வாங்க முடியும் என்றால் ரெய்டு அமைக்க வேண்டாம். அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்காக வாங்கி பேக்கப் எடுங்கள். அடுத்த டிஸ்க் வாங்கும்போது ரெய்டைப் பற்றி யோசிக்கலாம்.