மஞ்சள் நிற முதற்பாலும் சிசுவின் நிர்ப்பீடனமும்

மூன்று மாதங்களுக்கு முன்னர் எனது மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த எங்கள் குடும்பத்து மூத்தம்மா ஒருவர் மகளின் பக்கத்தில் குனிந்து, "அந்த மஞ்சப் பால குடுக்காத மகள். அது உள்ளுக்குக் கெடந்த பழைய பால். பீச்சி ஊத்திப்போட்டு, வெள்ளப் பால் வந்த பொறகு குடு" என்றார்.

முப்பது வருடங்களுக்கு முன்னர் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. எனது மூத்த மகனுக்குரிய முதற்பால் கோப்பையில் பீச்சப்பட்டு, முற்றத்துத் தென்னையடியில் ஊற்றப்பட்டது. மூன்று நாட்கள் அவனுக்குச் சீனித் தண்ணீர்தான். நாற்பது முடிவதற்குள் வயிற்றோட்டம் கண்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதனால்தான் இது வந்தது என்று அடித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆனால், பிற்காலத்தில் உயிரியல் படிப்பிக்கத் தொடங்கியபோதுதான் தென்னைக்கு ஊற்றியது என்னவென்று விளங்கியது.

நோய்க்கிருமிகளை எதிர்க்க நமது உடல் ஆக்கும் புரதங்களே பிறபொருளெதிரிகள். புதிதாகப் பிறந்த குழந்தையால் இவற்றைப் போதியளவு ஆக்க முடியாது. எனவே தாய் இரண்டு வழிகளில் கொடுத்தனுப்புகிறாள்.

முதல் வழி சூல்வித்தகம், அதாவது நச்சுக்கொடி. இமியூனோகுளோபியூலின் ஜி என்ற வகை, பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளையின் இரத்தத்துக்குச் செல்கிறது. குறைமாதப் பிள்ளைகளுக்கு இது குறைவாகவே கிடைக்கும். பிறந்த பின்னர் இந்த இருப்பு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டு போகும்.

இரண்டாவது வழி தாய்ப்பால். இதில் மிகுந்திருப்பது இமியூனோகுளோபியூலின் ஏ. வயிற்றில் எளிதில் சமிபாடடையாதபடி இதனுடன் ஒரு காப்புப் பகுதி இணைந்திருக்கிறது. இது இரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை. வாயிலும் தொண்டையிலும் குடலிலும் பூச்சுப்போலப் படிந்து, கிருமிகள் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. முதல் சில நாட்களில் சுரக்கும் பாலில்தான் இதன் செறிவு மிக அதிகம். வெண்குருதிக் கலங்களும் அதில் நிறைய உண்டு. மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது, பழுதானதால் வந்ததல்ல. ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவு சுரந்தாலும், முதல் நாள் சிசுவின் சின்ன வயிற்றுக்கு அது போதும்.

மாடு வளர்ப்போருக்கு இது தெரிந்த விசயம். பசுவின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை. முதல் நாளிலேயே கடும்புப்பாலைக் குடித்தால்தான் கன்றுக்கு அவை கிடைக்கும். கன்றுக்கு கடும்புப்பால் கட்டாயம் என்று சொல்லும் நாம், பிள்ளைக்கு உரியதை ஊற்றிவிடுகிறோம்!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வீட்டில் உலாவும் கிருமிகள் தாயின் குடலுக்குள்ளும் போகின்றன. அங்கே அவற்றை அடையாளங்கண்ட கலங்கள் மார்பகத்துக்குப் பயணித்து, அதே கிருமிகளுக்கான பிறபொருளெதிரிகளைப் பாலில் சேர்க்கின்றன. பிள்ளை எந்த வீட்டில் வளர்கிறதோ, அந்த வீட்டின் கிருமிகளுக்கு ஏற்ற காவல் அது. எந்தப் பால்மா டின்னிலும் இது கிடையாது. "தாய்க்குத் தடிமன், பால் குடுக்க வேணாம்" என்பதும் இதனால் தவறாகிறது. சாதாரண தடிமன், காய்ச்சலின்போது தொடர்ந்து கொடுப்பதே நல்லது. சில நோய்களுக்கும் மருந்துகளுக்கும் விதிவிலக்கு உண்டு. அதை டொக்டரிடம் கேட்க வேண்டும்.

பாலினூடாக எதிர்ப்புச் சக்தி கடத்தப்படுவதை 1892இல் ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக் சுண்டெலிகளில் காட்டினார். குன்றிமணி, ஆமணக்கு விதைகளின் நஞ்சுக்கு எதிர்ப்புப் பெற்ற தாய் எலிகளிடம், வேறு எலிகள் ஈன்ற குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அக்குட்டிகளும் எதிர்ப்பைப் பெற்றன. பெற்றவளிடமிருந்தல்ல, பாலூட்டியவளிடமிருந்து! பால்குடி உறவை மதிக்கும் நமது சமூகத்துக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி.

ஆயினும் தாய் தரும் காவல் இரவலானது. அதனால் தடுப்பூசி அவசியம். நமது நாட்டில் சின்னமுத்துக்கான ஊசி ஒன்பது மாதத்தில் போடப்படுவதற்கும் காரணமிருக்கிறது. கருவில் பெற்ற பிறபொருளெதிரிகள் அதிகம் இருக்கும்போது போட்டால் ஊசி சரியாக வேலை செய்யாது.

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பாலூட்டத் தொடங்குமாறும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்குமாறும், இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடருமாறும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பூரணமான இரண்டு ஆண்டுகளை அல்குர்ஆனும் (2:233) குறிப்பிடுகிறது.

மூத்தம்மாவோடு நான் தர்க்கிக்கவில்லை. "கன்றுக்குக் கடும்புப்பால் குடுக்காட்டி என்ன ஆகும் மூத்தம்மா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "செத்துப் போகுமே புள்ள" என்றார். பிறகு அவரே பேத்தியைத் தூக்கி மகளின் மடியில் வைத்தார்.