படிகாரக் கல்லும் பத்து வயதுச் சிறுமியும்

குட்டீஸ், முடி திருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் அப்பாவின் கன்னத்தில் ஒரு வெள்ளைக் கல்லைத் தடவுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் படிகாரம். அந்தப் பெயருக்குள்ளேயே ‘படிகம்’ என்று ஒரு சொல் ஒலிக்கிறதே, கவனித்தீர்களா? இன்று படிகத்தின் கதையைப் பார்ப்போம்.

உருகாத பனிக்கட்டி

கல் உப்பு, கற்கண்டு, வைரம் எல்லாமே படிகங்கள்தான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீங்கள் வரிசை வரிசையாக நிற்பீர்கள் அல்லவா? அதுபோலக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கடுக்காக நின்றால், அது படிகம். பொடி உப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டிக் கனசதுரங்கள் தெரியும்!

படிகத்தை ஆங்கிலத்தில் ‘கிரிஸ்டல்’ என்கிறோம். இது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். அங்கே இதற்குப் ‘பனிக்கட்டி’ என்று பொருள்! மலையில் கிடைத்த கண்ணாடி போன்ற கற்களைப் பார்த்த அந்தக் காலத்து மக்கள், கடுங்குளிரில் உறைந்து, இனி உருகவே உருகாத பனிக்கட்டி இது என்று நம்பினார்கள். நம்பிக்கை தவறு. ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. குழம்பிக் கிடந்த ஓர் எண்ணம் தெளிவான உருவம் பெற்றால், அது ‘கிரிஸ்டலைஸ்’ ஆகிவிட்டது, அதாவது படிகமாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். ரொம்ப நேரம் முட்டி மோதிய கணக்கு சட்டென்று புரியும்போது, “ஆ! பிடிபட்டுவிட்டது!” என்று துள்ளுவோமே, அதேதான்.

35 ஆண்டுகள்

இந்த இரண்டு பொருளுக்கும் பொருத்தமான ஒருவரைச் சொல்லட்டுமா? அவர் பெயர் டோரதி ஹாட்ஜ்கின். 1910-ல் பிறந்த இங்கிலாந்து விஞ்ஞானி. பத்து வயதில் வகுப்பில் படிகாரத்தையும் மயில்துத்தத்தையும் நீரில் கரைத்துப் படிகம் வளர்த்தார். அன்று பிடித்த ஆசை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1934-ல் அவர் கைக்கு இன்சுலின் படிகம் வந்தது. சர்க்கரை நோயாளிகளின் உயிரைக் காக்கும் இன்சுலினேதான்! அதற்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று அறிய விரும்பினார். எக்ஸ் கதிர்களைப் படிகத்துக்குள் செலுத்தினால், புகைப்படத் தகட்டில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை வைத்து உள்ளே இருக்கும் அமைப்பைக் கணக்கிட வேண்டும். ஆனால் இன்சுலின் மிகப் பெரிய மூலக்கூறு. அவ்வளவு பெரிய கணக்கைப் போட அன்று வழியே இல்லை.

அதே 1934-ல்தான் அவருக்கு மூட்டுவாதம் என்பதும் தெரிந்தது. நாளடைவில் கைவிரல்கள் வளைந்துபோயின. டோரதி நிறுத்தவில்லை. இடையில் பென்சிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டறிந்தார். 1964-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போதும் இன்சுலினை மறக்கவில்லை. கணினிகளும் வளர்ந்தன, உடன் உழைக்க இளம் விஞ்ஞானிகளும் சேர்ந்தார்கள். 1969-ல், 35 ஆண்டுகள் கழித்து, இன்சுலினின் அமைப்பு பிடிபட்டது!

நீங்களும் வளர்க்கலாம்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரை அவரே ஊற்றட்டும். அதில் படிகாரப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இனிக் கரையாது என்னும்வரை கலக்குங்கள். தெளிந்த நீரை வேறு கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, அசையாத இடத்தில் வையுங்கள். மறுநாள் அடியில் குட்டிப் படிகங்கள் இருக்கும். நல்லதாக ஒன்றை எடுத்து நூலில் கட்டுங்கள். அதுதான் ‘விதை’. மீதி நீரை வடிகட்டி, விதையை அதில் தொங்கவிடுங்கள். நீர் மெல்ல ஆவியாக ஆக, கரைந்திருந்த துகள்கள் விதையில் வந்து ஒட்டி அது வளரும். பல நாள் காத்திருந்தால் பளபளக்கும் எட்டு முகப் படிகம் கிடைக்கலாம். வாயில் மட்டும் வைக்காதீர்கள்! வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

ஒரு ரகசியம்: அவசரப்பட்டுச் சட்டென்று குளிரவைத்தால், பொடிப் பொடியாகத்தான் வரும். மெதுவாக விட்டால்தான் பெரிய படிகம்.

நம் எண்ணமும் அப்படித்தானே? முதலில் நிறையப் படிக்கவும் பார்க்கவும் வேண்டும். அது கரைசல். மனதைக் குடையும் ஒரு கேள்வி வேண்டும். அது விதை. பிறகு பொறுமை வேண்டும். அடுத்த முறை ஒரு பாடம் புரியவில்லை என்றால், “எனக்கு வராது” என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் படிகம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்!