உங்களுக்குத் தெரியுமா? மோதல் பொம்மைகளில் பெண் எங்கே?

● காரை வேண்டுமென்றே மோதவிட்டு, உள்ளிருக்கும் பொம்மைக்கு என்ன அடி படுகிறது என்று பார்க்கிறார்களே, அந்தப் பொம்மைகளின் பாட்டனார் ‘சியரா சாம்’. 1949இல் அமெரிக்க விமானப்படைக்காகப் பிறந்தவர். ஆபத்தில் விமானியைச் சீட்டோடு வெளியே வீசும் கருவியைச் சோதிக்கத்தான் அவரைச் செய்தார்கள். ஆண்தான், அதிலும் ஆஜானுபாகு!

● இன்றும் பல நாடுகளில் ஓட்டுநர் சீட்டில் உட்காருபவர் ‘ஹைப்ரிட் 3’. 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கியது. உயரம் சுமார் 175 செ.மீ., எடை 78 கிலோ.

● பெண் பொம்மையே கிடையாதா? உண்டு. சுமார் 150 செ.மீ., 49 கிலோ. அமெரிக்கப் பெண்களில் 100க்கு 95 பேர் இதைவிடப் பெரியவர்கள்! போதாக்குறைக்கு, இது பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கி எடுத்த நகல். பெண்ணின் இடுப்பெலும்பும் கழுத்தும் வேறு மாதிரி என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க அரசின் நட்சத்திர மதிப்பீட்டில், நேருக்கு நேர் மோதும் சோதனையில் இந்த அம்மாளுக்குக் கிடைத்த இடம் பக்கத்து சீட். ஸ்டியரிங் ஐயாவிடம்தான்.

● சீட் பெல்ட் போட்டிருந்தும், முன்புற மோதலில் பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 73 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டார்கள். பெண்கள் ஓட்டுவது பெரும்பாலும் சிறிய கார், அதுவும் ஒரு காரணம் என்று 2021இல் இன்னோர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நியாயம்தான். ஆனால் ஒரே மாதிரி விபத்துகளை மட்டும் ஒப்பிட்டபோதும் கால் காயங்களில் பெண்களே முந்தினார்கள்.

● பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் கழுத்து வெடுக்கென்று ஆடுகிறதே, அந்தக் காயமும் பெண்களுக்கே அதிகம். எடை குறைந்த உடலுக்கு விறைப்பான சீட் வளைந்து கொடுப்பதில்லை. சட்டென்று முன்னால் எறிந்துவிடுகிறது. இதை அளக்கவே ஸ்வீடன் பொறியாளர் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு, சராசரிப் பெண்ணின் அளவில் ஒரு பொம்மையை 2022இல் காட்டியது: 162 செ.மீ., 62 கிலோ. சியரா சாமுக்குப் பிறகு 73 ஆண்டுகள்!

● பெண்ணுடலை அளந்து வடிவமைத்த ‘தார் 5எஃப்’ பொம்மையை 2025 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அறிமுகப்படுத்தியது. அளவு என்னவோ பழைய குள்ள அளவேதான்.

● கர்ப்பிணிக்கும் பொம்மை உண்டு. வால்வோ நிறுவனம் கணினிக்குள் உருவாக்கியது. கர்ப்பிணிகள் கவனிக்க: சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிப் போக வேண்டும்.