புத்தாண்டுக் கணிப்புகள்: எது கணக்கு, எது கணிப்பு, எது வெறும் ஆசை?

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஒட்டுக்கடை மேசைகளில் தே தாரேக்கோடு கணிப்புகளும் வந்துவிடும். அடுத்த ஆண்டு பொதுத் தேர்தல் நிச்சயம் என்பார் ஒருவர். இந்த முறை தங்கம் நமக்குத்தான் என்பார் இன்னொருவர். பன்னிரண்டு மாதம் கழித்து, யார் சொன்னது பலித்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

2026 பிறக்கும் வேளையில், காதில் விழும் கணிப்புகளைத் தரம் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. அதை நம் வீட்டுப் பஞ்சாங்கமே சொல்லித் தருகிறது.

பஞ்சாங்கத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று திதி, நட்சத்திரம் பற்றிய கணிதம். மற்றொன்று மழை, விளைச்சல், அரசு ஆகியவை பற்றிய பலன். 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. அன்றே கூட்டரசுப் பிரதேச தினமும் வருகிறது. ஏப்ரல் 14-இல் பராபவ ஆண்டு பிறக்கிறது. தீபாவளி நவம்பர் 8, அதுவும் ஞாயிறு. இவற்றை நம்பி விடுமுறைக்கு விண்ணப்பிக்கலாம், பால்குடம் எடுக்கத் திட்டமிடலாம். இவை கணக்கு. சித்திரை முதல் நாள் கோயிலில் வாசிக்கப்படும் பலன் அப்படிப்பட்டதன்று. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே உறுதி வந்துவிடாது.

திரைப்படங்களுக்கும் இது பொருந்தும். விநியோகஸ்தர் அறிவிக்கும் வெளியீட்டுத் தேதி ஒரு திட்டம் மட்டுமே; படம் தணிக்கையைக் கடந்து வரவேண்டும். மலேசியத் தமிழர் வாழ்வைக் களமாகக் கொண்ட ‘கபாலி’ 2016 ஜூலை 22-இல் வெளியானபோது, நாயகன் காவல்துறையிடம் சரணடைந்ததாகச் சொல்லும் வரி இந்நாட்டுத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படத்தின் முடிவில் சேர்க்கப்பட்டிருந்தது. எந்த நாளில் வரும் என்று சொல்ல முடிந்தாலும், எந்த வடிவில் வரும் என்று சொல்வது கடினம்.

விளையாட்டில் கணக்கைப் பார்க்காமல் கணிப்பவர்கள் அதிகம். 2022 பெர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் பெர்லி டான் - எம். தீனா இணை பூப்பந்து மகளிர் இரட்டையரில் தங்கம் வென்றது. அவர்கள் 2026-இலும் அதை வெல்வார்கள் என்று பந்தயம் கட்ட வழியில்லை. ஜூலை 23 முதல் ஆகஸ்டு 2 வரை கிளாஸ்கோவில் நடைபெறும் போட்டி 10 விளையாட்டுகளாகச் சுருக்கப்பட்டுள்ளது. பூப்பந்தும் ஸ்குவாஷும் அதில் இல்லை. நமக்குப் பதக்கம் தந்த விளையாட்டுகளே பட்டியலில் இல்லாதபோது, பதக்க எண்ணிக்கை குறைந்தால் அதற்கு வீரர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

அவர்களுக்கான களம் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடைபெறும் ஆசிய விளையாட்டுப் போட்டி. 2023-இல் நடந்த ஹாங்சோ போட்டியில் ஸ்குவாஷ் மகளிர் தனிநபர் தங்கம் வென்றவர் நம் சிவசங்கரி. 2025 உலகப் பூப்பந்து வெற்றியாளர் போட்டியில் பெர்லி - தீனா இணை இறுதிச்சுற்று வரை சென்று சீன இணையிடம் தோற்று, வெள்ளியோடு திரும்பியது. இவ்வளவும் தெரிந்த பிறகு “பதக்க வாய்ப்பு உண்டு” என்றால் அது ஆதாரமுள்ள கணிப்பு. “தங்கம் உறுதி” என்றால் அது ஆசை.

இந்த வேறுபாட்டை 2016-இல் நாடே உணர்ந்தது. ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் லின் டானை லீ சோங் வெய் வீழ்த்தியபோது, முதல் தங்கம் கைக்கு வந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். இறுதியாட்டத்தில் சென் லோங் வென்றார். மலேசியா அந்த முதல் ஒலிம்பிக் தங்கத்துக்கு இன்னமும் காத்திருக்கிறது.

அரசியலில் கணிப்பு தவறுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. சென்ற முறை நடந்ததே இந்த முறையும் நடக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் அது. சுங்கை சிப்புட் தொகுதியை 1974 முதல் வைத்திருந்தார் ச. சாமிவேலு. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். மூன்றரை மாதம் கழித்து, 2008 மார்ச் 8-இல், டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரிடம் அவர் 1,821 வாக்குகளில் தோற்றார். தேசிய முன்னணி 222 இடங்களில் 140 மட்டுமே பெற்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. பழைய முடிவுகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சி. தெருவில் நடந்ததைக் கவனித்தவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

அடுத்த பொதுத் தேர்தல் பற்றியும் கணக்கு ஒன்று உண்டு. தற்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19. முன்கூட்டியே கலைக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு முடிந்து 2027 டிசம்பரில் அது தானாகவே கலையும். அதிலிருந்து 60 நாள்களுக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும். ஆகவே, 2026-இல் பொதுத் தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. “2026-இல் தேர்தல் நிச்சயம்” என்பவர், எந்த ஆதாரத்தில் சொல்கிறார் என்று கேட்கலாம்.

இவற்றையெல்லாம்விட நம் மக்களுக்கு அதிக இழப்பைத் தரும் கணிப்பு ஒன்று இருக்கிறது. “முடிவு தெரிந்ததுதானே, ஒரு ஓட்டுக்காக ஏன் போகணும்?” என்பதே அது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்கள் பலருக்கு வாக்கு இன்னமும் பழைய ஊரில்தான். பயணச் செலவும் ஒரு நாள் சம்பளமும் கண்முன் நிற்கும்போது, இந்தக் கணிப்பு நல்ல சாக்காகிவிடுகிறது. 2013-இல் கேமரன் மலை தொகுதியில் அப்போதைய ம.இ.கா. தலைவர் ஜி. பழனிவேல் வென்றது 462 வாக்குகளில். பத்துப் பதினொரு பேருந்துகளில் ஏறிவிடக்கூடிய மக்கள்தொகை அது. வராமல் போனவர்கள், தங்கள் கணிப்பைத் தாங்களே பலிக்க வைத்துவிடுகிறார்கள்.

அடையாள அட்டையில் முகவரியை மாற்றினால் மட்டும் வாக்குத் தொகுதி மாறிவிடாது. தேர்தல் ஆணையத்திடம் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் எப்போது என்று யூகித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்பதை ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் 18 வயதை எட்டிய பிள்ளைகள் இருந்தால் அவர்களுடையதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கணிப்புச் சொல்வதில் தவறில்லை. ஒட்டுக்கடைப் பேச்சுக்கு அதுதான் ருசி. இந்த ஆண்டு அதை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைக்கலாம். அடுத்த டிசம்பரில் எடுத்துப் படித்தால், எது கணக்கு, எது கணிப்பு, எது ஆசை என்பது தெரிந்துவிடும்.