வாடகைக்கு வந்த ட்ரம்பெட்

எங்கள் சொந்த ஊர் ஆடுதுறை பக்கம். நாதஸ்வரம் செய்வதற்குப் பேர் போன நரசிங்கன்பேட்டை பக்கத்து ஊர்தான். ஆனாலும் வாத்தியத்தை வாடகைக்கு எடுப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. பாத்திரம், பந்தல், நாற்காலி, இதுதான் எங்கள் ஊரில் வாடகைக்கு வரும். என் வீட்டுக்காரர் இங்கே ஓட்டலில் சமையல் வேலை பார்ப்பதால் இப்போது நியூஜெர்சியில் இருக்கிறோம். இங்கே வந்துதான் இந்தப் பாடம் படித்தேன், அதுவும் பணத்தைத் தொலைத்து!

இங்குள்ள பல பள்ளிகளில் நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்பிலேயே பேண்டு வாத்தியம் கற்றுத் தருகிறார்கள். பையன் போன வருஷம் அஞ்சாம் வகுப்புக்குப் போனதும், "அம்மா, நான் ட்ரம்பெட்தான் வாசிப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். "கடையில் வாடகைக்கு எடுங்கள்" என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. மாதா மாதம் வாடகை கட்டி, கடைசியில் பொருளும் நமக்கில்லை என்றால் என்ன பிரயோஜனம் என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். கம்ப்யூட்டரில் தேடி, 90 டாலருக்குப் புத்தம் புதுசு, சிவப்புக் கலர் பூசியது, வரவழைத்தோம். கூடவே வெள்ளைக் கையுறை வேறு! அதைப் பார்த்தே நான் மயங்கிவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மூன்றே வாரம். பையன் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டான். கேட்டால், "எனக்கு வராதும்மா. எல்லாரும் வாசிக்கிறாங்க, எனக்கு மட்டும் சத்தமே வரலை" என்று அழுகை. சோம்பேறித்தனம் என்று நினைத்து இரண்டு நாள் திட்டியும் தீர்த்தேன். அப்புறம் பேண்டு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். மாடி வீட்டு அக்காவைத் துணைக்குக் கூட்டிப் போனேன். டீச்சர் அந்தச் சிவப்பு ட்ரம்பெட்டை வாங்கித் தானே ஊதிக் காட்டினார். அழுத்திய வால்வு மேலே எழும்பவே இல்லை. "உங்க பையன் மேல தப்பே இல்லைன்னு சொல்றாங்க" என்று அக்கா தமிழில் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீணாகப் பிள்ளையைத் திட்டினோமே!

ரிப்பேர் கடையிலும் அதைத் தொட மறுத்துவிட்டார்கள். உதிரி பாகம் கிடைக்காதாம். 90 டாலர் போனது போனதுதான்.

பிறகுதான் வாடகைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயசானவர், பொறுமையாகக் காட்டினார். புதுசுக்கு மாதம் 35 டாலர், முன்பு யாரோ வாசித்துத் திருப்பிக் கொடுத்ததற்கு 22. யமஹா, பாக், ஜூபிட்டர் மாதிரி பேர் தெரிந்த கம்பெனியாக இருந்தால் பழசே போதும், உதிரி பாகமும் கிடைக்கும் என்றார். அவர் சொல்லிக் கொடுத்தபடியே நானே சோதித்தேன். மூன்று வால்வையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டால் சட்டென்று எழும்ப வேண்டும், உள்ளே நறநறவென்று இருக்கக் கூடாது. சின்ன ஸ்லைடுக் குழாயை, வால்வை அழுத்தாமல் இழுத்தால், 'டப்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் காற்று கசியவில்லை என்று அர்த்தம். உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் சின்னச் சாவி நன்றாக மூட வேண்டும். அகன்ற வாய்ப்பக்கம் சின்ன நசுங்கல் இருந்தால் பரவாயில்லை. மவுத்பீஸ் சொருகும் ஒடுக்கமான குழாயில் நசுங்கலோ, செம்புக் கலரில் அரித்த புள்ளியோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பெட்டியின் தாழ்ப்பாளையும் பாருங்கள். பிள்ளைகள் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறதாச்சே!

கையெழுத்துப் போடுமுன் அக்கா மூன்று கேள்வி கேட்டார். கட்டும் வாடகை விலையில் கழியுமா? நடுவில் நிறுத்தினால் அபராதம் உண்டா? கீழே போட்டுவிட்டால் யார் செலவு? அந்தக் கடையில் வாடகை விலையில் கழியும், எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம், மாதம் 4 டாலர் கூடக் கட்டினால் ரிப்பேர் இலவசம். செப்டம்பர் முதல் ஜூன் வரை பத்து மாதம், மொத்தம் 260 டாலர் என்று வாசலிலேயே கணக்குப் போட்டேன். பெரிய தொகைதான். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியே இரவல் கொடுப்பதும் உண்டு, வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. கேட்க எனக்குக் கூச்சம்!

அந்த 4 டாலர் வீண் போகவில்லை. ஒரு நாள் பையன் கீழே போட்டதில் மவுத்பீஸ் இறுகிக்கொண்டது. இவர் குறடை எடுத்துக்கொண்டு வந்தார். "ஐயோ, குழாய் முறுக்கிக்கும், கடைக்காரர் சொன்னாரே!" என்று ஓடிப் போய்ப் பிடுங்கினேன். கடையில் அதற்கென்றே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்கள், காசும் வாங்கவில்லை.

மாதம் ஒரு முறை நான்தான் குளிப்பாட்டுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீர்தான். கொதிக்கிற தண்ணீர் பட்டால் மேல்பூச்சு உரிந்துவிடுமாம். வால்வுகளைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு மற்றதை நீளமான பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போனதும் ஸ்லைடுக்கு கிரீஸ், வால்வுக்கு எண்ணெய். வால்வுகளில் 1, 2, 3 என்று எண் இருக்கும். முதல் தடவை மாற்றிப் போட்டுவிட்டேன். பையன் கன்னம் உப்ப ஊதுகிறான், காற்றே போகவில்லை! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

டிசம்பரில் பள்ளிக் கச்சேரியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாசித்தான். இவர் லீவு போட்டுவிட்டு வந்தார். இப்போது, "பாதிப் பணம் கழிந்துவிட்டதே, மீதியைக் கட்டி வாங்கிடலாமா?" என்று கேட்கிறார். பல் டாக்டர் பையனுக்குக் கம்பி கட்ட வேண்டும் என்றிருக்கிறார். கம்பி போட்டால் உதடு வலிக்கும், கொஞ்ச நாள் பழக வேண்டும் என்கிறார் டீச்சர். அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் இப்போது ஜன்னல் துடைக்கிறேன்.

- ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி.