மேடவாக்கத்தில் கணக்குக் கேட்க ஒரு நாள்

மேடவாக்கம் கூட்ரோட்டில் மேம்பாலம் வந்துவிட்டது. மெட்ரோ தூண்களும் எழுகின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இது இன்னும் கிராமம்தான்: புனித தோமையார்மலை ஒன்றியத்தில் உள்ள ஒரு கிராம ஊராட்சி. வேளச்சேரி பக்கம் போனால் பள்ளிக்கரணை. அது 2011-லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. மேற்கே செம்பாக்கம், அது 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி. இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இல்லாத ஓர் உரிமை நடுவில் இருக்கும் உங்களுக்கு உண்டு.

என்ன உரிமை அது?

கிராம சபை. ஊராட்சியின் வரவு செலவை நேரில் உட்கார்ந்து கேட்கும் கூட்டம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை (கணக்குச் சரிபார்ப்பு) அறிக்கைக்கும் ஒப்புதல் தருவது இந்தச் சபைதான். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் முடிவெடுக்கிறார்கள். அவர்கள் செய்ததைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

எப்போது கூடும்? யாராவது வந்து சொல்வார்களா?

அறிவிப்பு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படும். அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில் இருப்பவர் அதைப் பார்க்கப் போவதில்லை. அதனால் நாட்களை மனதில் வைத்துக்கொள்வதே நல்லது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நான்கோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஐயும், உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1-ஐயும் அரசு 2022-இல் சேர்த்தது. நேரமும் இடமும் மட்டும் முந்தின வாரம் கேட்டு வையுங்கள். அரசு கூட்டத்தை ரத்து செய்வதும் உண்டு. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 அக்டோபர் 2 கூட்டத்தை ரத்து செய்தார்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறேன், நான் போகலாமா?

போகலாம். வீடு யார் பெயரில் என்பதை யாரும் பார்ப்பதில்லை, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. சிக்கலும் இங்கேதான். ஓட்டு இன்னும் மதுரையிலோ மயிலாப்பூரிலோ இருந்தால், பத்து வருடம் இங்கே குடியிருந்து வீட்டு வரி கட்டியவரானாலும் சபையின் உறுப்பினர் இல்லை. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 போதும். சோழிங்கநல்லூர் தொகுதிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் ஊராட்சிப் பட்டியலுக்கும் அது வழி திறக்கும்.

கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும்?

இதைக் குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) என்பார்கள். மக்கள்தொகை 10,000-க்கு மேல் உள்ள ஊராட்சிக்கு 300 பேர். மேடவாக்கம் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. இத்தனை பெரிய ஊருக்கு வெறும் 300 பேர்! நாற்பது வீட்டு அபார்ட்மெண்டில் பராமரிப்புப் பணத்துக்காக இரவு பதினொரு மணி வரை சண்டை போடுகிறோம். தெருவிளக்கு, குப்பை, ஏரிக்கரை எல்லாம் பேசும் கூட்டத்துக்கு அந்த நாற்பதில் நான்கு பேர் போனாலே பெரிய விஷயம்.

அங்கே போய் என்ன கேட்பது?

“ரோடு எப்போது போடுவீர்கள்?” என்று மட்டும் கேட்டால் “சீக்கிரம் போடுகிறோம்” என்ற பதிலோடு முடிந்துவிடும். தாளைக் கேளுங்கள். வரவு செலவுச் சுருக்கம் படிவம் 30-இல் இருக்கும். அதை வாசிக்கச் சொல்லுங்கள். வேலையின் பெயர், தொகை, எந்த நிதி, ஒப்பந்தக்காரர் யார், வேலை முடிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மத்திய அரசின் ‘இ-கிராம் சுவராஜ்’ தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டங்களையும் செலவுகளையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனால் பேச்சின் போக்கே வேறாக இருக்கும்.

கோரிக்கையை எழுதியே கொடுங்கள். “இதைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். அரசுத் தரப்பில் கூட்டத்தைப் பார்க்கப் பற்றாளர் என்று ஓர் அலுவலர் வந்திருப்பார். அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் கவனம் வேண்டும். வந்ததற்கான கையெழுத்து வேறு, தீர்மானத்துக்கான கையெழுத்து வேறு. பக்கம் காலியாக இருந்தால் தீர்மானத்தை எழுதிப் படித்துக் காட்டிய பிறகு போடுகிறேன் என்று சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கணக்குக் கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தலைச் சொல்வார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்வதைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

நான் சொன்னதை எழுதினார்களா என்று எப்படித் தெரியும்?

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான். தீர்மானப் புத்தகத்தின் நகலைக் கேட்டு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. எந்த அலுவலகம் என்று குழப்பமா? தவறான இடத்துக்குப் போனாலும் அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். நகல் வேண்டாம், புத்தகத்தைப் பார்த்தால் போதும் என்றும் கேட்கலாம்.

அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. ஓர் அலுவலகத்தின் கீழ் உள்ள வாரியங்கள், மன்றங்கள், குழுக்களின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதை, யாரும் கேட்காமலேயே அந்த அலுவலகம் வெளியிட வேண்டும். வெளியிடவில்லையா? அதையே முதல் கேள்வியாக வையுங்கள்.

மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால்?

சேர்க்கும் பேச்சு பல வருடமாக ஓடுகிறது. சேர்ந்தால் கிராம சபை போய், பகுதி சபை வரும். தமிழகத்தில் பகுதி சபைகள் முதன்முதலில் கூடியது 2022 நவம்பர் 1-இல். தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்ததற்கு முதலமைச்சர் ஸ்டாலினே வந்தார். பகுதி சபையில் குறை சொல்லலாம், யோசனை தரலாம். மாநகராட்சியின் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தரும் இடம் அது இல்லை. சாலை, குடிநீர் பெருகலாம். கணக்கில் உங்கள் பிடி தளரும் என்பது என் கணிப்பு. ஆகவே உங்கள் தெருவைப் பற்றிய பழைய கிராம சபைத் தீர்மானங்கள் ஏதாவது இருந்தால், புத்தகங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும்போதே நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.